திருவண்ணாமலையில் வளர்ந்த கணிப்பொறி முன்னோடி

முன்னுரை

மடிக்கணினியைப் பார்த்திராத மாணவி இன்று நம் பள்ளியில் ஒருத்தியும் இல்லை. 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு மேல்நிலை வகுப்பு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, கடலூரிலும் சிதம்பரத்திலும் எத்தனையோ எளிய வீடுகளுக்குள் முதன்முதலாக ஒரு கணிப்பொறி நுழைந்தது. மீனவர் வீட்டுப் பிள்ளையும் உழவர் வீட்டுப் பிள்ளையும் அதனைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஏறினர். இன்று இது நமக்கு வியப்பாகத் தோன்றுவதில்லை.

ஆனால் கணிப்பொறி என்பது கையில் தூக்கிச் செல்லக்கூடியது, நடுத்தரக் குடும்பத்தாரும் வாங்கக்கூடியது என்று உலகிற்குக் காட்டியவர் யார்? அவர் அமெரிக்காவில் புகழ் பெற்றவர். எனினும் சிறுவனாய் ஓடி விளையாடியது நமக்கு அருகிலுள்ள திருவண்ணாமலையில். எழுத்தும் எண்ணும் கற்றது அருட்கன்னியர் நடத்திய கொடைக்கானல் பள்ளியில். கண்மூடியதும் அதே கொடைக்கானலில். அவரே ஆடம் ஆஸ்பார்ன். அவருடைய ஏற்றமும் வீழ்ச்சியும் நிறைந்த வாழ்க்கையை இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் பெற்றோரும்

1939-ஆம் ஆண்டு மார்ச் திங்கள் 6-ஆம் நாள் பாங்காக் நகரில் ஆடம் பிறந்தார். அந்நாளில் சயாம் என்று வழங்கிய அந்நாடே இப்போது தாய்லாந்து எனப்படுகிறது. தந்தையார் ஆர்தர் ஆஸ்பார்ன் ஆங்கிலேயர். பாங்காக்கிலுள்ள சூலாலங்கார்ன் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றியவர். தாயார் லூசியா போலந்து நாட்டுப் பெண்மணி. ஆடமுக்கு உடன்பிறந்த சகோதரியர் இருவர்.

ஆர்தரும் லூசியாவும் இரமண மகரிஷியிடம் பெரும் ஈடுபாடு கொண்டவர்கள். மதுரையிலிருந்து புறப்பட்ட இரமணர் 1896-இல் விழுப்புரத்தில் இறங்கி, திருக்கோவிலூர் வழியே திருவண்ணாமலையை அடைந்தார் என்பது நாம் அறிந்ததே. அவ்விரண்டு ஊர்களும் அந்நாளில் நம் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அண்ணாமலையின் அடிவாரத்தில் அமைந்த ஆசிரமத்திற்கு வெளிநாட்டார் பலர் வந்து தங்கினர். அவர்களுள் ஆஸ்பார்ன் குடும்பமும் ஒன்று.

திருவண்ணாமலை நமக்கு அயலூர் அன்று. சாத்தனூர் அணையைக் கடந்து திருக்கோவிலூர் வழியாக வரும் தென்பெண்ணையாறு நம் கடலூரை ஒட்டியே கடலில் கலக்கிறது. ஐம்பூதத் தலங்களுள் சிதம்பரத்தை வான் என்றும் திருவண்ணாமலையைத் தீ என்றும் நம் முன்னோர் இணைத்தே கூறினர். ஆகவே ஆடமை நம் பக்கத்து ஊர்ப் பிள்ளை என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

போரும் பிரிவும்

1941-ஆம் ஆண்டில் ஆர்தர் தம் மனைவி மக்களைத் திருவண்ணாமலையில் குடிவைத்துவிட்டு, பணியின் பொருட்டுத் தாம் மட்டும் பாங்காக்கிற்குத் திரும்பினார். அவ்வாண்டு டிசம்பர் திங்களில் சப்பானியப் படை அந்நாட்டினுள் புகுந்தது. ஆங்கிலேயரான ஆர்தர் சிறைபிடிக்கப்பட்டு முகாமில் அடைக்கப்பட்டார். அப்போது ஆடமுக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை.

அன்னிய நாட்டில் மூன்று குழந்தைகளுடன் ஒரு தாய்! கணவர் உயிரோடிருக்கிறாரா என்ற கவலை அவரை எவ்வளவு வாட்டியிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்நாள்களில் தாயார் சொற்படி சிறுவன் ஆடம் இரமணரிடம் சென்று, தன் தந்தை நலமாகத் திரும்பி வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டான். அவரும் புன்முறுவலோடு தலையசைத்தார். இந்நிகழ்ச்சியை அக்குடும்பத்தார் பிற்காலத்தில் எழுதி வைத்துள்ளனர். 1945-இல் போர் ஓய்ந்தது. தந்தையார் உயிருடன் திரும்பினார். ஆறு வயதுச் சிறுவன் தன் தந்தையின் முகத்தை அப்போதுதான் தெளிவாக அறிந்திருப்பான்.

ஆர்தர் பின்னாளில் இரமணரைப் பற்றிய நூல்களை எழுதிப் புகழ் பெற்றார். 1964-இல் ஆசிரமத்தின் ஆங்கில இதழான மௌண்டன் பாத்தைத் தொடங்கி அதன் ஆசிரியராகவும் விளங்கினார். எழுத்தாற்றல் மகனுக்குத் தந்தை வழிச் சொத்து எனலாம்.

கல்வி

கொடைக்கானலில் அருட்கன்னியர் நடத்தும் பிரசன்டேஷன் கான்வென்ட் பள்ளியில் ஆடம் தொடக்கக் கல்வி பெற்றார். பின்னர், 1950-இல், பதினொரு வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, அங்குக் கத்தோலிக்க உறைவிடப் பள்ளி ஒன்றில் சேர்ந்தார். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் பயின்று 1961-இல் பட்டம் பெற்றார். அதன்பின் அமெரிக்கா சென்று, டெலாவேர் பல்கலைக்கழகத்தில் 1968-இல் முனைவர் பட்டமும் பெற்றார்.

அவர் கணிப்பொறியைப் பாடமாகப் படித்தவர் அல்லர் என்பது இங்குக் கருதத்தக்கது. வேதிப் பொறியியல் ஆய்வுக்குரிய கணக்குகளைச் செய்யும்பொருட்டே கணிப்பொறிக்கு நிரல் எழுதக் கற்றார். ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. ஆனால் அவ்வேலையில் அவர் மனம் நிலைக்கவில்லை. அதனை விட்டுவிட்டு, கணிப்பொறி பற்றி எழுதுவதையே தொழிலாக மேற்கொண்டார்.

அந்நாளைய கணிப்பொறிகள்

ஆடமின் அருஞ்செயலை உணர வேண்டுமானால் அக்காலக் கணிப்பொறியின் நிலையை அறிதல் வேண்டும். 1946-இல் அமெரிக்காவில் அறிமுகமான எனியாக் என்னும் கணிப்பொறியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அதன் எடை ஏறக்குறைய 27 டன்! அதனை வைக்கப் பெரியதொரு கூடம் தேவைப்பட்டது. பின்னர் டிரான்சிஸ்டர்கள் வந்தன. கணிப்பொறி சிறிது சிறிதாகச் சுருங்கியது. 1971-இல் இன்டெல் நிறுவனம் கணக்கிடும் பகுதி முழுவதையும் விரல் நகமளவு சிலிக்கான் சில்லில் அடக்கிக் காட்டியது. இதுவே நுண்செயலி. கணிப்பொறி வீட்டிற்குள் வருவதற்கு வழி திறந்தது இதுதான்.

1975-இல் ஆல்டேர் 8800 என்னும் பொறி விற்பனைக்கு வந்தது. அதற்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. முன்புறத்திலுள்ள சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளிக் கட்டளையிட வேண்டும். சிறு விளக்குகள் எரிவதையும் அணைவதையும் கொண்டு விடையறிய வேண்டும். உதிரிப் பாகங்களாகவும் வரும். வாங்கியவரே பற்றவைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். இருந்தும் ஆர்வலர்கள் அதனை விரும்பி வாங்கினர். 1977-இல் ஆப்பிள் இரண்டு, காமடோர் பெட், டி.ஆர்.எஸ். 80 ஆகிய மூன்றும் வெளிவந்தன. இவை முழுமையாகப் பூட்டப்பட்டே கடைக்கு வந்தன. எனினும் மேசைமேல் வைத்த இடத்திலேயே இருக்கும் பொறிகள் இவை.

தூக்கிச் செல்லும் கணிப்பொறி அதற்கு முன் இல்லாமலில்லை. ஐ.பி.எம். நிறுவனம் 1975-இல் 5100 என்ற ஒன்றைக் கொணர்ந்தது. அதன் எடை ஏறத்தாழ 25 கிலோ. விலையோ ஏறக்குறைய 9,000 டாலரில் தொடங்கியது. சாதாரண மக்கள் அதனை வாங்க முடியுமா?

நூலாசிரியர்

அந்நாளில் கலிபோர்னியாவில் கணிப்பொறி ஆர்வலர்கள் கூடும் ஹோம்பிரூ கணிப்பொறிக் கழகம் என்ற சங்கம் இருந்தது. ஆப்பிள் கணிப்பொறியை உருவாக்கிய ஸ்டீவ் வாஸ்னியாக்கும் அங்கு வந்தவரே. அக்கூட்டங்களுக்கு ஆடம் ஆஸ்பார்ன் ஓர் அட்டைப்பெட்டியுடன் வருவார். பெட்டி நிறைய அவர் எழுதிய நூல்கள்! நுண்கணிப்பொறிகளுக்கோர் அறிமுகம் என்னும் பொருள்படும் அந்நூலை அவரே அச்சிட்டு, அவரே சுமந்து சென்று விற்றார். புரியாத செய்திகளைப் புரியுமாறு எழுதியதால் நூல் நன்றாக விலைபோயிற்று. இம்சாய் என்னும் நிறுவனம் தான் விற்கும் கணிப்பொறிகளோடு அந்நூலையும் சேர்த்துக் கொடுத்தது. ஆடமின் பதிப்பகம் வளர்ந்தது. 1979-இல் புகழ்பெற்ற மெக்ரா ஹில் நிறுவனம் அப்பதிப்பகத்தை விலைக்கு வாங்கிக்கொண்டது.

இதழ்களிலும் அவர் எழுதினார். சொன்ன வேலையைச் செய்யாத பொறிகளையும், சொன்ன நாளில் பொருளை அனுப்பாத நிறுவனங்களையும் தயவு தாட்சண்யமின்றிக் கண்டித்தார். குறை கூறுதல் எளிது. செய்து காட்டுதல் அரிது. ஆடம் செய்து காட்டவும் துணிந்தார்.

ஆஸ்பார்ன் ஒன்று

1981-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவர் ஆஸ்பார்ன் கணிப்பொறி நிறுவனத்தை அமைத்தார். கணிப்பொறியை வடிவமைத்தவர் லீ ஃபெல்சன்ஸ்டைன் என்னும் திறமைமிக்க பொறியாளர். மேற்சொன்ன கழகத்தின் கூட்டங்களை நெறிப்படுத்தியவரும் இவரே. அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கணிப்பொறிக் கண்காட்சியில் ஆஸ்பார்ன் ஒன்று மக்கள் முன் வைக்கப்பட்டது.

பார்வைக்கு அது நம் தையல் வகுப்பிலுள்ள தையல் இயந்திரத்தை மூடி போட்டு வைத்ததுபோல் இருக்கும். ஒரு கைப்பிடியும் உண்டு. மூடியைக் கழற்றினால் அதுவே விசைப்பலகை. உள்ளே 5 அங்குலத் திரை. இருபுறமும் நெகிழ்வட்டுச் செருகும் இரண்டு அறைகள். நினைவகம் 64 கிலோபைட். திரையில் ஒரு வரிக்கு 52 எழுத்துகளே தெரியும். வரி நீண்டால் சன்னலை நகர்த்துவதுபோல் பார்வையைப் பக்கவாட்டில் நகர்த்திப் படிக்கலாம். எடை ஏறத்தாழ 11 கிலோ. கடலூரிலிருந்து சிதம்பரத்திற்குப் பேருந்தில் நின்றுகொண்டு அதனைச் சுமந்து செல்வதென்றால் நம் கை இற்றுப்போகும்! ஆயினும் விமான இருக்கையின் அடியில் அது அடங்கியது. மின்கலம் உள்ளே கிடையாது. போகும் இடத்தில் மின்னிணைப்பு வேண்டும்.

இவற்றைவிட முக்கியமானது விலை. 1,795 டாலருக்கு அது கிடைத்தது. அதற்குமுன் கணிப்பொறி வாங்குவோர் பொறிக்குத் தனியாகவும், அதில் வேலை செய்வதற்கான மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகவும் பணம் செலுத்த வேண்டியிருந்தது. கடிதமும் கட்டுரையும் எழுதும் வேர்ட்ஸ்டார், கணக்குப் போடும் சூப்பர்கால்க், நிரல் எழுதும் பேசிக் ஆகியவற்றை ஆடம் பொறியோடு சேர்த்தே கொடுத்துவிட்டார். தனியே வாங்கினால் அம்மென்பொருள்களுக்கே ஏறத்தாழ 1,500 டாலர் ஆகும் என்றனர். அடுப்பை விற்பவர் பாத்திரமும் அரிசியும் சேர்த்துக் கொடுத்தால் இல்லத்தரசிகள் எப்படி மகிழ்வர்! அவ்வாறே மக்கள் மகிழ்ந்தனர். எழுத்தாளர்களும் சிறு வணிகர்களும் விரைந்து வாங்கினர்.

மொத்தத்தில் 10,000 பொறிகள் விற்றால் போதும் என்றே நிறுவனம் முதலில் திட்டமிட்டிருந்தது. ஆனால் முதல் எட்டுத் திங்களுக்குள்ளாகவே 11,000 பொறிகள் அனுப்பப்பட்டன. பின்னர் ஒரே திங்களில் 10,000 என்னும் அளவையும் விற்பனை எட்டியது. அட்டைப்பெட்டியில் நூல் சுமந்தவர் உலகறிந்த தொழிலதிபர் ஆனார்.

வீழ்ச்சி

ஏறிய வேகத்திலேயே இறக்கமும் வந்தது. 1983-இல் ஆஸ்பார்ன் எக்சிக்யூட்டிவ் என்னும் புதிய கணிப்பொறி வரப்போவதாக, அது கடைக்கு வருமுன்பே பேசப்பட்டது. புதியது வரும்போது பழையதை ஏன் வாங்க வேண்டும் என்று மக்கள் காத்திருந்தனர். பழைய பொறிகள் விற்காமல் தேங்கின. கையில் பணம் வற்றியது. அவ்வாண்டு செப்டம்பர் 13-ஆம் நாள் நிறுவனம் நொடித்துப் போனதாக நீதிமன்றத்தில் மனுச் செய்தது. புதுப்பொருளைப் பற்றி முன்னதாகவே பேசிப் பழம்பொருளின் விற்பனையைக் கெடுத்துக்கொள்வதற்கு ஆஸ்பார்ன் விளைவு என்று வணிக உலகம் பெயர் சூட்டிவிட்டது. இன்றும் வணிகவியல் மாணவர்கள் அப்பெயரைப் படிக்கிறார்கள்.

ஆனால் காரணம் அது ஒன்றுதானா? கேப்ரோ என்னும் நிறுவனம் அதே 1,795 டாலருக்கு 9 அங்குலத் திரையுடன் தூக்கிச் செல்லும் கணிப்பொறியை விற்றது. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். பி.சி. வெளிவந்தபின், மக்கள் அதனோடு ஒத்து இயங்கும் பொறிகளையே நாடினர். காம்பாக் நிறுவனம் அத்தகைய பொறியைத் தூக்கிச் செல்லும் வடிவிலேயே கொணர்ந்தது. புதிய எக்சிக்யூட்டிவின் விலையோ 2,495 டாலர். நிறுவனம் மிக விரைவாக வளர்ந்ததால் கணக்கு வழக்குகள் ஒழுங்குபடவில்லை; இலாபம் என்று நினைத்த இடத்தில் நட்டம் இருந்தது காலந்தாழ்ந்தே தெரிந்தது. பல ஓடைகள் சேர்ந்து வந்த வெள்ளத்திற்கு ஓர் ஓடையின் பெயரை மட்டும் வைத்ததுபோல் ஆயிற்று.

மீண்டும் முயற்சி

ஆடம் சோர்ந்து அமரவில்லை. தம் நிறுவனத்தின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் பற்றித் தாமே ஒரு நூல் எழுதி 1984-இல் வெளியிட்டார். தோல்வியை மறைக்காமல் ஊரறிய எழுதுவதற்கு மனத்துணிவு வேண்டும். அதே ஆண்டில் பேப்பர்பேக் சாஃப்ட்வேர் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். மலிவுப் பதிப்பு நூல்கள்போல் மென்பொருளும் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். லோட்டஸ் நிறுவனத்தின் கணக்கு மென்பொருள் 495 டாலருக்கு விற்றபோது, அதுபோன்றே இயங்கும் வி.பி. பிளானரை அவர் 100 டாலருக்கும் குறைவாகக் கொடுத்தார்.

லோட்டஸ் நிறுவனம் 1987-இல் வழக்குத் தொடுத்தது. தன் மென்பொருளின் கட்டளைப் பட்டியல் அமைப்பை எடுத்தாண்டது பதிப்புரிமை மீறல் என்று வாதிட்டது. 1990-இல் தீர்ப்பு ஆடமின் நிறுவனத்திற்கு எதிராக அமைந்தது. அவர் பதவி விலகினார். இதில் ஒரு செய்தி நம் நெஞ்சைத் தொடுகிறது. அதே லோட்டஸ் நிறுவனம் போர்லண்ட் என்னும் மற்றொரு நிறுவனத்தின்மேல் தொடுத்த இதே போன்ற வழக்கில், கட்டளைப் பட்டியலுக்குப் பதிப்புரிமை இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. 1996-இல் அத்தீர்ப்பே நிலைத்தது. ஆனால் காலம் கடந்துவிட்டது. அதற்குள் ஆடம் அமெரிக்காவையே விட்டுப் போயிருந்தார்.

மீண்டும் மலைநாட்டிற்கு

மூளையைத் தாக்கிய நோயினால் அவருக்குப் பலமுறை பக்கவாதம் வந்தது. 1992-இல் அவர் இந்தியாவிற்குத் திரும்பி, கொடைக்கானலில் தம் சகோதரியின் இல்லத்தில் தங்கினார். சிறுவனாய்ப் பள்ளிக்குச் சென்ற அதே மலையூர். பதினோராண்டுக் காலம் அங்கு வாழ்ந்து, 2003-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் தம் 64-ஆம் வயதில் இயற்கை எய்தினார். ஆயிரக்கணக்கான பொறிகளை விற்றவருக்கு இறுதியில் நிழல் தந்தது உடன்பிறந்தாளின் வீடே.

முடிவுரை

தோழியரே, ஆடம் ஆஸ்பார்ன் இறந்து ஆண்டுகள் பல உருண்டோடிவிட்டன. அவர் பெயரை உலகம் ஒரு தோல்வியின் பெயராகவே வைத்திருக்கிறது. இது முறையா? தேர்வில் தவறிய ஒருத்தியை வாழ்நாள் முழுவதும் அத்தேர்வின் பெயராலேயே அழைப்பது போன்றதன்றோ இது! அரசுப் பொதுத்தேர்வை எதிர்நோக்கியுள்ள பத்தாம் வகுப்பினராகிய நமக்கு இக்கேள்வி மிகவும் நெருக்கமானது. முன்யோசனையின்றிப் பேசுவதும், கணக்குப் பாராமல் ஓடுவதும் தீமை தரும் என்பதை அவர் வாழ்க்கையிலிருந்து நாம் கற்கத்தான் வேண்டும். அதேசமயம், அவர் செய்த நன்மையை மறப்பதும் தவறே. அறிவுக்கருவி செல்வர்க்கு மட்டும் உரியதன்று, எளியோர் கைக்கும் எட்ட வேண்டும் என்ற எண்ணத்தை அவர் நூலிலும் பொறியிலும் மென்பொருளிலும் மூன்று முறை செய்து பார்த்தார். இரண்டு முறை வீழ்ந்தார். எண்ணம் வீழவில்லை.

நம்முள் சிலர் நாளை சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பிற கல்லூரிகளிலும் கணிப்பொறி பயிலச் செல்வோம். அப்போது நம் தோளில் தொங்கும் பையின் எடை இரண்டு கிலோகூட இராது. அந்த எடைக்குறைவுக்குப் பின்னே, 11 கிலோப் பெட்டியோடு முதலடி எடுத்து வைத்த ஒருவரின் உழைப்பு இருக்கிறது. அவர் பெயரைக் கேட்கும்போது வீழ்ச்சியை மட்டும் நினையாமல், அவர் தொடங்கி வைத்ததையும் சேர்த்து நினைப்போம். தவறி விழுந்த தோழியைக் காணும்போதும் அவ்வாறே நடப்போம்.

– பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு